பிறந்தநாளுக்கு நாலரை மணிக்குக் கூப்பிட்டால் சாப்பாடும் போடணுமா?

இலந்தைமரம் (இழையைத் தொடங்கியவர்)

மேடவாக்கத்தில் ஃப்ளாட். மகளுக்கு 5 வயது முடிகிறது. அக்டோபர் 4, சனிக்கிழமை, எங்கள் அசோசியேஷன் ஹாலில் மாலை 4.30 முதல் 7 வரை பார்ட்டி. வகுப்புப் பிள்ளைகளும் பிளாக் பிள்ளைகளும் சேர்த்து 22 பேர். இதுவரை தெளிவு. இனிமேல்தான் குழப்பம்.

மாமியார் தஞ்சாவூர்ப் பக்கம். "வீடு தேடி வந்தவங்களுக்கு ஒரு பஃப்ஸும் அரை டம்ளர் ஜூஸும் கொடுத்து அனுப்புவியா? இலை போடு" என்கிறார். கணவர், கடையில் சிக்கன் பிரியாணி சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்கிறார். எங்கள் பிளாக்கில் மற்றவர்கள் கேக், சமோசா, சிப்ஸ், ஒரு டெட்ரா பேக் ஜூஸ் எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு, ரிட்டர்ன் கிஃப்ட்டோடு சேர்த்து வாசலிலேயே நீட்டிவிடுகிறார்கள். வாங்கிக்கொண்டு வரும்போது எனக்கே ஏதோ ரேஷன் வாங்கிய மாதிரி இருக்கும்.

சாப்பாட்டுக்கு 15,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். நாலரை மணி என்பது டிபன் நேரமா, சாப்பாட்டு நேரமா? பிள்ளைகளோடு வரும் பெரியவர்களுக்கு என்ன செய்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கோவைக்காரி

மற்றதெல்லாம் அப்புறம். தேதியைப் பார்த்தீர்களா? அது புரட்டாசி மூன்றாம் சனி. சிக்கன் பிரியாணி சொன்னால் பாதிப் பேர் தயிர்ப் பச்சடியைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள்.

இலந்தைமரம்

ஐயோ! நாங்கள் புரட்டாசி பார்க்கிற வீடு இல்லை, சுத்தமாக நினைவே வரவில்லை. பிரியாணிக்காரரிடம் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை, தப்பித்தேன். கணவர் முகம்தான் வாடிவிட்டது.

பந்திக்கணக்கு

18 வருடமாக சமையல் கான்ட்ராக்ட் செய்கிறேன். குழந்தைகள் பார்ட்டியில் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு: 22 பிள்ளைகள் என்று கூப்பிட்டுவிட்டு 22 பேருக்குச் சமைப்பது. 5 வயசுப் பிள்ளை தனியாக வராது. அம்மா வருவார், சில வீட்டில் அப்பாவும் வருவார், இடுப்பில் தம்பி தங்கை இருக்கும், தாத்தா பாட்டி ஊரிலிருந்து வந்திருந்தால் "நீங்களும் வாங்களேன்" என்று கூட்டிவருவார்கள். 22 என்றால் 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 22 பேரும் சேர்ந்து சாப்பிடுவது 8 பெரியவர்கள் சாப்பிடுகிற அளவுதான். ஆக இது பெரியவர்களுக்கான சமையல். பிள்ளைகளுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

இரண்டாவது, வரிசை. எல்லா வீட்டிலும் கேக் முதலில், சாப்பாடு பிறகு. கேக்கையும் க்ரீமையும் தின்ற பிள்ளை இட்லியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மத்தியானம் தூங்கி எழுந்து பசியோடு வருகிறார்கள். 5 மணிக்குள் சின்னதாக ஏதாவது கையில் கொடுத்துவிடுங்கள். விளையாட்டு முடிந்து 6 மணிக்குக் கேக் வெட்டலாம். பெரியவர்களுக்கு 6.15க்குப் பந்தியைத் திறங்கள். 7 மணிக்கு நிறைந்த வயிறோடு கிளம்புவார்கள், வீட்டுக்குப் போய் தோசை ஊற்ற வேண்டாம். உங்கள் மாமியார் கேட்பதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அளவு கேட்பீர்கள். இட்லி மாவு 1 கிலோவுக்கு மினி இட்லி எழுபது, எண்பது வரும். சுண்டலுக்குக் காய்ந்த பட்டாணி 1 கிலோ ஊறி வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், ஒரு கரண்டி வீதம் 30 பேருக்குத் தாராளம். கேசரிக்கு ரவை அரைக் கிலோ எடுத்தால் 20 பேர். கேக் 1 கிலோவைப் பெரிய துண்டாகப் போட்டால் 10, பிள்ளைகளுக்குச் சின்னதாக வெட்டினால் 15. தயிர்சாதம் வைத்தால் சாதத்தைப் பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் சேருங்கள். முழுக்கத் தயிரில் பிசைந்தால் 6 மணிக்குப் புளித்து நிற்கும். மத்தியானம் வடித்த சாதத்தைச் சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் மணிக்கணக்கில் மேசையில் வைக்காதீர்கள். குழந்தை வயிறு, சட்டென்று கெட்டுப்போகும்.

பஃபே வைத்தால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பின்னால் பரிமாற ஓர் ஆள் நிற்கட்டும். ஆள் இல்லாத பஃபேயில் முதல் 20 பேர் எடுக்கிற அளவைப் பார்த்தால் உங்களுக்கு மயக்கமே வரும்.

நாற்பதைத்தாண்டியவன்

எங்கள் காலத்துப் பிறந்தநாள் நினைவுக்கு வருகிறது. காலையில் கோயிலில் அர்ச்சனை, புதுச் சட்டை, வகுப்பில் ஆளுக்கு ஒரு மிட்டாய், டீச்சருக்கு மட்டும் இரண்டு. சாயங்காலம் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். ஐயங்கார் பேக்கரி கேக் ஒரு துண்டு, கொஞ்சம் மிக்சர், உருளைக்கிழங்கு சிப்ஸ், எவர்சில்வர் டம்ளரில் ரஸ்னா. அம்மா கையால் கேசரி. யாரும் குறை சொன்னதில்லை. இப்போது தீம் வேண்டும், பலூன் வளைவு வேண்டும், அதற்குப் பொருத்தமாக நீலக் கலர் கப் கேக் வேண்டும்.

மூன்றுபிள்ளைஅம்மா

சார், அந்த ஏழெட்டுப் பேரின் அம்மாக்களும் பக்கத்து வீட்டிலேயே இருந்தார்கள். பிள்ளை நடந்து வந்தது, நடந்து போனது. இப்போது சோழிங்கநல்லூரிலிருந்து டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு வருகிறவருக்கு மிக்சர் கொடுத்து அனுப்ப முடியுமா? அம்மா கையால் கேசரி என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். அந்த அம்மா அன்று மத்தியானம் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

நாற்பதைத்தாண்டியவன்

கேட்டுவிட்டு வருகிறேன். (பதில் என்னவாக இருக்கும் என்று இப்போதே தெரிகிறது.)

வார்டுநர்ஸ்

குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன், அதனால் என் கண் வேறு இடத்துக்குப் போகிறது. அழைத்திருப்பது 5 வயசுப் பிள்ளைகள். ஆனால் பந்திக்கணக்கு அண்ணன் சொன்னதுபோல் கூடவே ஒன்றரை, இரண்டு வயசுத் தம்பி தங்கைகள் வரும். மேசை உயரத்துக்குக் கை எட்டும், எது கிடைத்தாலும் வாயில் போகும். முழு வேர்க்கடலை, முந்திரி, பாப்கார்ன், முழுத் திராட்சை இவை நான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு மூச்சுக்குழாயில் அடைக்கக்கூடியவை. திராட்சை வைத்தே ஆகவேண்டும் என்றால் நீளவாக்கில் வெட்டி வையுங்கள், குறுக்காக வெட்டினால் வட்டமாகவேதான் இருக்கும். ரிட்டர்ன் கிஃப்ட் பையில் ஒரு வாய்க்கு உறிஞ்சுகிற சின்ன ஜெல்லி கப் போடுகிறார்கள், அது வேண்டவே வேண்டாம். கொன்ஜாக் என்ற கிழங்கு மாவு சேர்த்த அந்த வகை ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை செய்யப்பட்டது, அதுவும் இதே அடைப்புக்காகத்தான். ஒரு வயது ஆகாத கைக்குழந்தை நாக்கில் பாசமாகத் தேன் தடவுகிற பாட்டி யாராவது வந்தால் அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

அழைப்பிலேயே ஒரு வரி எழுதுங்கள்: "பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத உணவு ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்." வேர்க்கடலை, முட்டை, பால் என்று ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். நாமாகக் கேட்காவிட்டால், தொந்தரவு தரவேண்டாம் என்று பாதி அம்மாக்கள் சொல்லவே மாட்டார்கள். பிள்ளையை ஓரமாக உட்காரவைத்து வீட்டிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட்டைக் கொடுப்பார்கள்.

கொண்டாட்டம்24

ஒரு ஸ்டால் போட்டால் பிள்ளைகள் குதிப்பார்கள். பஞ்சு மிட்டாய், இல்லாவிட்டால் வாயிலிருந்து புகை வருமே அந்த ஸ்மோக் பிஸ்கட். பெரியவர்களுக்கு மயோனைஸ் சாண்ட்விச். வேலையும் குறைவு.

வார்டுநர்ஸ்

மூன்றுமே வம்பு. ரோஸ் கலர் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் தடை போட்டார்கள். புகை பிஸ்கட்டில் இருப்பது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. முழுக்க ஆவியாவதற்குள் வாயில் போட்டால் உள்ளே வெந்துபோகும். அதே ஆண்டு ஏப்ரலில் கர்நாடகத்தில் ஒரு சிறுவன் அதைத் தின்றுவிட்டுத் துடித்த வீடியோ பரவியது, அதன்பின் இங்கேயும் உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது. பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் தமிழ்நாட்டில் ஓராண்டுத் தடை போட்டார்கள். காரணம் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா. முட்டையில்லாத மயோனைஸ் வாங்கலாம், ஆனால் கடைக்காரர் சாண்ட்விச்சில் எதைத் தடவினார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

கொண்டாட்டம்24

சரி நர்ஸம்மா, மருதாணி வைக்கிற அக்காவைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

ஆம்பூர்மருமகள்

ஒரு சின்ன விஷயம். எங்களைக் கூப்பிடுகிறவர்கள் "பிரியாணி ஹலால் கடையில்தான் வாங்கினோம்" என்று ரொம்ப அக்கறையாகச் சொல்வார்கள். சந்தோஷம்தான். ஆனால் மேசையில் இருக்கிற மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய், ஜெல்லி எதையும் யாரும் யோசிப்பதில்லை. அதில் இருக்கும் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டுத்தோல், பன்றித்தோலிலிருந்து எடுப்பது. எங்களுக்கு மட்டுமா, சைவம் சாப்பிடுகிற வீட்டுக்கும் அது ஆகாதே! என் மகன் அப்படி ஒரு கலர் கரடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

ஜெல்லி வேண்டும் என்றால் கடல்பாசி (அகர் அகர்) காய்ச்சுங்கள். எங்கள் வீடுகளில் நோன்பு நேரத்தில் செய்வோம். பாலில் ஒன்று, ரோஸ் சிரப்பில் ஒன்று என்று தட்டில் ஊற்றி ஆறவைத்து டைமண்டாக வெட்டலாம். செலவும் குறைவு, ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறையும்.

புரட்டாசி என்பதால் முழுச் சைவம் வைத்தால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாரும் ஒரே தட்டில் சாப்பிடலாம், அதுவே நிம்மதி.

கோவைக்காரி

கேக்கையும் முட்டையில்லாமல் சொல்லிவிடுங்கள். பெட்டி மேல் பச்சைப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். முட்டை போட்டதற்குப் பச்சைப் புள்ளி வராது.

தாழ்வாரம்

எல்லாரும் அம்மா, அப்பா, பாட்டி என்று கணக்குப் போடுகிறீர்கள். பிள்ளையைக் கூட்டிவருகிற ஆயாவை யாரும் சேர்க்கவில்லையே.

என் அம்மா அடையாறில் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்தார். அந்தப் பிள்ளையைப் பார்ட்டிகளுக்குக் கூட்டிப்போவதும் அவர்தான். பிள்ளைக்கு ஊட்டி, வாய் துடைத்து, ஷூ மாட்டி முடிக்கும்வரை சுவரோரம் நின்றுகொண்டிருப்பார். ராத்திரி வீட்டுக்கு வரும்போது டிஷ்யூவில் மடித்து ஒரு துண்டு கேக் கொண்டுவருவார். எனக்கு அந்தக் கேக் அவ்வளவு பிடிக்கும். அது அவருக்குக் கொடுத்த கேக் இல்லை, அந்தப் பிள்ளை கடித்துவிட்டு வைத்தது என்று ரொம்ப வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

கொண்டாட்டம்24

எங்கள் வீட்டில் அப்படி இல்லை. கிளம்பும்போது ஆயா, டிரைவர் எல்லாருக்கும் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவோம். உட்காரச் சொன்னாலும் அவர்களே உட்கார மாட்டார்கள், கூச்சப்படுவார்கள்.

தாழ்வாரம்

பொட்டலம் கொடுப்பது தப்பென்று சொல்லவில்லை. ஆனால் மூன்று மணி நேரம் வாசனை பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, ஆறிப்போனதைப் பையில் வாங்கிக்கொண்டு போவது விருந்தா? எல்லாரும் சாப்பிட்டு முடித்தபிறகு "நீயும் சாப்பிடும்மா" என்றால் யாருக்குத்தான் கூச்சம் வராது?

பந்திக்கணக்கு

இவர் சொல்வது நியாயம். எங்கள் தொழிலில் இதற்குப் பெயரே இருக்கிறது, பந்தி வஞ்சனை. ஒரே பந்தியில் ஒருத்தருக்கு நெய்யும் ஒருத்தருக்கு எண்ணெயும் ஊற்றுவதைச் சொல்வார்கள். பந்திக்கே கூப்பிடாமல் விடுவதும் அதில்தான் சேரும். வழி சுலபம். எல்லாரையும் தேடித் தேடி உட்காரச் சொல்லாதீர்கள். 6.15க்குப் பரிமாறுகிற ஆளிடம், சுவரோரம் நிற்கிறவர்களிலிருந்து ஆரம்பி என்று சொல்லிவையுங்கள். அவர்கள் கையில் தட்டு இருந்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள். அந்த நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உங்கள் வீட்டு ஆள் ஒருத்தர் வேண்டும், இல்லாவிட்டால் அவர்களால் தட்டைத் தொடவே முடியாது.

ஸ்கார்பரோஅக்கா

நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப டொரோண்டோப் பக்கம். இங்கே எங்கட ஆக்களின் பிறந்தநாள் என்றால் ஹோல் எடுத்து, ரோல்ஸ், பட்டிஸ், கட்லட் எல்லாம் தட்டுத் தட்டாக வரும். மீன் ரோல்ஸ் இல்லாத பிறந்தநாளை நான் காணவில்லை. பிறகு இரவுச் சாப்பாடு. அழைப்பில் 6 மணி என்று போடுவார்கள், ஆக்கள் வர எட்டரை ஆகும். கேக் வெட்ட ஒன்பது. அதுக்குள் சின்னப் பிள்ளைகள் கதிரையில் நித்திரை.

ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் கதை வேறு. அழைப்பில் 2 முதல் 4 வரை என்றால் 4 மணிக்கு வாசலில் அப்பா காரோடு நிற்பார். பீட்சா, கேக், முடிந்தது. தாய் தகப்பன் பிள்ளையை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். முதல்தரம் நான் 20 பெரிய ஆக்களுக்கும் சேர்த்து இடியப்பமும் சொதியும் சமைத்து வைத்துக்கொண்டு காவல் இருந்தேன். ஒருத்தரும் உள்ளே வரவில்லை! மூன்று நாள் இடியப்பக் கொத்து.

அதால சொல்லுறன் தங்கச்சி, அழைப்பில் தெளிவாகப் போடுங்கோ: பெரிய ஆக்களுக்கும் சாப்பாடு உண்டு, எத்தனை பேர் வாறீங்கள் என்று.

இலந்தைமரம்

எல்லாருக்கும் நன்றி. உங்கள் பதில்களை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். பந்தி வஞ்சனை என்ற இடத்தில் "நான் இதைத்தானே சொன்னேன்" என்றார். சொல்லவில்லை, இருந்தாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

பட்டியல் முடிவாகிவிட்டது. 5 மணிக்குப் பிள்ளைகளுக்குப் பொடி தடவிய மினி இட்லி, காரமில்லாத குழிப்பணியாரம், உருளைக்கிழங்கு வறுவல், சின்ன கப்பில் ரோஸ் மில்க். பால் ஆகாத ஒரு பிள்ளை இருக்கிறது, கேட்டதால்தான் தெரிந்தது. அவனுக்குப் பானகம், கூடவே பால் சேர்க்காத ஒரு கப் கேக். 6 மணிக்கு முட்டையில்லாத கேக் 3 கிலோ. பெரியவர்களுக்குத் தக்காளி சேவை, தயிர்சாதம், தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல், கேசரி, ரோஸ் கடல்பாசி. கேக், கடல்பாசி நீங்கலாக, பரிமாறும் ஆள் இரண்டு பேரோடு சேர்த்துத் தலைக்கு 190 ரூபாய் கேட்கிறார் சமையல்காரர். 55 பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பந்திக்கணக்கு

நல்ல பட்டியல். சேவையை 5.45க்குமேல் தாளிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கட்டி கட்டியாகிவிடும். குடிதண்ணீர் கேன் இரண்டு எடுத்து வையுங்கள், எல்லாரும் மறப்பது அதைத்தான்.

இலந்தைமரம்

முடிந்தது! ஒரு நாள் முழுக்கத் தூங்கிவிட்டு வந்து எழுதுகிறேன்.

22 பிள்ளைகளில் 19 பேர் வந்தார்கள், பெரியவர்கள் 31. கைக்குழந்தைகள் தனி. பந்திக்கணக்கு அண்ணனுக்கு ஒரு கும்பிடு.

பணியாரத்தைப் பிள்ளைகள் பந்து என்று நினைத்து உருட்டி விளையாடினார்கள். அதையும் பெரியவர்கள்தான் தின்று தீர்த்தார்கள். உருளைக்கிழங்கு பத்து நிமிடத்தில் காலி, அதை மட்டும் இரண்டு மடங்கு சொல்லியிருக்க வேண்டும். மினி இட்லிக்குப் பொடி வேண்டாம், சர்க்கரை வேண்டும் என்று ஒரு பையன் கேட்டான். அவ்வளவுதான், வரிசையாக எல்லாருக்கும் சர்க்கரை. பிறந்தநாள்காரி அன்று சாப்பிட்டது கேக் மேலிருந்த ஒரு செர்ரி மட்டும். கடல்பாசி சூப்பர், ஆம்பூர் தோழி. என்ன ஜெல்லி இது, எங்கே வாங்கினீர்கள் என்று நான்கு பேர் கேட்டார்கள்.

ஆயாக்கள் மூன்று பேர் வந்தார்கள். பரிமாறுகிறவரிடம் சொல்லிவைத்திருந்தேன், தட்டும் போனது, ஆனால் வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்களே தவிர சாப்பிடவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாமியார் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, "எந்த ஊரும்மா நீ?" என்று ஆரம்பித்தார். ஒருத்தர் பாபநாசம் என்றார். அப்புறம் அந்தப் பெஞ்சிலிருந்து மாமியாரைக் கிளப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது. பிள்ளைகளை என் கணவர் பார்த்துக்கொண்டார். பிரியாணி ஏக்கம் இன்னும் போகவில்லை, ஐப்பசி முதல் தேதிக்குக் காத்திருக்கிறார்.

தாழ்வாரம்

உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மூன்றுபிள்ளைஅம்மா

என்ன மீந்தது? அதைச் சொல்லவே இல்லையே.

இலந்தைமரம்

மினி இட்லி நூற்றுச் சொச்சம். நேற்று இட்லி உப்புமா, இன்று காலையும் அதுதான். சாயங்காலம் மிளகாய்ப்பொடி போட்டு வறுக்கலாமா என்று யோசனை.

ஸ்கார்பரோஅக்கா

கொத்துங்கோ.